தப்பு வாசிக்கிற விருந்து

ஜனவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். நீங்களும் என் மகளும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இது நான்காவது தாள். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். "பொண்ணு கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இவ்வளவு யோசிக்கலையே நீங்க" என்று உங்கள் அத்தை அடுப்படியிலிருந்து சொல்கிறாள். தொலைபேசியில் மூன்று முறை அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்துவிட்டது. அதனால்தான் கடிதம்.

விஷயம் நம் கால்பந்து கிளப்பைப் பற்றியது. அதை உங்களுக்கு எழுதலாமா கூடாதா என்பதிலேயே இரண்டு தாள் போயிற்று. சீசன் முடிவு விருந்து இனிமேல் வேண்டுமா என்று கமிட்டியில் பேச்சு கிளம்பியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரின் வீட்டில் ஆட்சேபம். வருடம் முழுக்க ஓடி ஆடிவிட்டு, கடைசியில் ஒருவனை நாற்காலி மேல் ஏற்றி, அவன் செய்த தப்பை வாசித்து, கையில் ஓட்டைப் பந்தைக் கொடுத்துச் சிரிப்பது என்ன வழக்கம் என்று கேட்கிறார்கள். மற்றவர்கள், அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் டீமே இல்லை என்கிறார்கள். தலைவர் என்னைத் தன் டயர் கடையில் உட்கார வைத்து, "இருபத்தாறு வருஷமா பட்டியல் போட்டு வாசிக்கிறவர் நீங்க. உங்க அபிப்பிராயத்தை ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. அதை வெச்சு முடிவு பண்ணிக்கறோம்" என்றார்.

என்னிடம் அபிப்பிராயம் இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். அச்சகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறர் எழுதியதில் பிழை பார்த்தவன் நான். சொந்தமாக எழுதச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. போன வருடம் நாற்காலியில் ஏறியவர் நீங்கள். உங்களைக் கேட்பதே முறை என்று தோன்றியது.

அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓரமாக உட்கார்ந்து நான் குறிப்பெழுதும் நோட்டில் இருந்ததைத்தான் வாசித்தேன். கடைசி ஆட்டம், மழைத் தூறல், இரண்டு பக்கமும் கோல் இல்லை, டிரா ஆனாலே முதல் டிவிஷனில் நீடித்திருக்கலாம், முடியும் தறுவாயில் நம் கோல்கீப்பர் கோலை விட்டுவிட்டு, கம்பத்துக்குப் பின்னால் கிடந்த தன் துண்டை எடுக்க நடந்தார், பந்து உருண்டு உள்ளே போனது. இதற்கு மேல் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் பந்தை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தீர்கள். நாற்பதாவது நாள் மாற்றல் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் மாறினீர்கள். இந்த இரண்டையும் நான் முடிச்சுப் போடுவது சரியா என்று தெரியவில்லை.

ஏன் நடந்தீர்கள் என்பதும் எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

ஜனவரி 22

மாமாவுக்கு,

லெட்டர் வந்துச்சு. போன்ல கூப்பிடாதீங்க, எடுக்க மாட்டேன். கோவம்னு இல்ல, யார் கூப்பிட்டாலும் எடுக்கறதில்ல. உங்க பொண்ணுகிட்ட பேசணும்னா அவ நம்பருக்குப் போடுங்க.

இங்க வாராவாரம் ஷிப்ட் மாறும். கிரேன் கேபின்ல எட்டு மணி நேரம் உக்காந்து எறங்கினா கால் மரத்துப் போயிருக்கு. இதை கேன்டீன்ல வெச்சு எழுதறேன். தப்பு இருந்தா சுழிச்சு வெக்காதீங்க.

விருந்து வேணுமான்னு கேட்டா வேணும்னுதான் சொல்வேன். வருஷம் பூரா கிரவுண்டுல ஒருத்தனை ஒருத்தன் திட்டறோம். அதை எங்கயாவது எறக்கி வெக்கணும்ல. நம்ம டிஃபென்ஸ்ல ஆடற நெட்டை இருக்கானே, அவனும் நானும் அஞ்சு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல. அவன் பண்ணினதை நீங்க வாசிச்ச அன்னைக்கு ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம், அதோட போச்சு. உங்க பொண்ணை நான் மொதல்ல பாத்ததும் அங்கதான். நீங்க கண்ணாடியை வீட்ல வெச்சுட்டு வந்து பட்டியலை வெச்சுக்கிட்டு முழிச்சீங்க. அவ எடுத்துக்கிட்டு மாடி ஏறி வந்தா. அதனால என் வாயால வேண்டாம்னு வராது.

நாற்காலி எனக்குப் புதுசு இல்ல. நாலு தரம் ஏறியிருக்கேன். விஷயம் அது இல்ல மாமா. போன வருஷ விருந்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை உங்க வீட்ல உக்காந்து சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க மாப்பிள்ளைன்னு மூணு தரம் சொன்னீங்க. அன்னைக்கு ஏன் அப்படி நடந்துட்டீங்கன்னு ஒரு தரம் கேக்கல. அப்பவே பட்டியல் உங்க சட்டைப் பையில இருந்திருக்கும்.

பத்து மாசம் கழிச்சு இப்ப கேக்கறீங்க. நான் சொல்ல மாட்டேன். நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பாருங்க. நீங்க பிழை பாக்கறவர்தானே.

குழந்தைக்கு முன்பல் விழுந்துடுச்சு. அத்தைகிட்ட சொல்லுங்க.

பிப்ரவரி 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் சொன்னபடி பார்த்தேன். பார்த்து ஐந்து நாள் ஆகிறது.

ஒவ்வொரு ஆட்டத்தின் கீழும் "ஆட்டம் முடிந்தது" என்று எழுதி, ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போடுவது என் வழக்கம். பிறகு பேனாவை மூடி, நோட்டை மூடி, எழுந்து நிற்பேன். அதற்கு முன் எழுந்ததே இல்லை. அந்தப் பக்கத்தில் இரட்டைக் கோடு இருக்கிறது. அவர்கள் போட்ட கோல், கோட்டுக்குக் கீழே, ஓரத்தில் இடுக்கி எழுதப்பட்டிருக்கிறது. என் கையெழுத்துதான். இதே நோட்டைப் பார்த்துத்தான் பட்டியல் எடுத்தேன். என் கண்ணில் இது படவில்லை.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். என் கடிகாரத்தில் தொண்ணூறு நிமிடம் ஆகிவிட்டிருந்தது. நடுவர் விசில் ஊதினார். முடிந்தது என்று நினைத்தேன். கோடு போட்டேன், மூடினேன், எழுந்தேன். அது நடுக்களத்தில் நடந்த ஃபவுலுக்கு ஊதிய விசில். அவர்கள் சட்டென்று அடித்த பந்துதான் உருண்டு போனது. நான் திரும்ப உட்கார்ந்து, பேனாவைத் திறந்து எழுதியிருக்கிறேன். நான் நின்றுகொண்டிருந்த அந்தச் சிறிது நேரத்தில் நீங்கள் நடந்திருக்கிறீர்கள்.

இதுவரை வந்துவிட்டேன். இதற்கு மேல் புரியவில்லை. நான் எழுந்ததைப் பார்த்து நீங்கள் ஏன் நடக்க வேண்டும்? அது ஃபவுலுக்கு ஊதிய விசில் என்பது மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதே. என் மகளிடம் கேட்டேன். "அதை அவர்கிட்டயே கேளுங்கப்பா. என்னை நடுவுல இழுக்காதீங்க" என்றாள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இந்தத் தாளையும் கிழித்துவிடுவேன். உங்களைப் பட்டியலில் முதலில் வைத்தது தப்பின் அளவைப் பார்த்து மட்டும் அல்ல. மாப்பிள்ளை என்பதால் விட்டுவிட்டார் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயம். ஒருவரும் அப்படிப் பேசவில்லை. பேசிவிடுவார்களோ என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டியல் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கேட்டிருந்தால் நீங்கள் ஒரு காரணம் சொல்லியிருப்பீர்கள். காரணம் தெரிந்துவிட்டால் வாசிக்க முடியாது. அதனால் சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

அபிப்பிராயம் இன்னும் எழுதவில்லை.

உங்கள் மாமனார்

பிப்ரவரி 14

மாமாவுக்கு,

ரெண்டு தரம் படிச்சேன். பரவாயில்ல, நீங்களும் ஒரு பிழை விடுவீங்கன்னு தெரிஞ்சுது.

சொல்றேன். படிச்சுட்டுக் கிழிச்சுடுங்க, அது உங்களுக்குக் கை வந்த வேலைதானே.

எனக்கு எடது காது சுத்தமா கேக்காது. வலது காது பாதி. கல்யாணத்துக்கு முன்னால பாய்லர் பட்டறையில அஞ்சு வருஷம் சுத்தியல் சத்தத்துல நின்னது. மெல்ல மெல்லப் போச்சு. உங்க பொண்ணுக்குத் தெரியும். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன், அவளைக் கோவிச்சுக்காதீங்க. எதிர்ல நின்னு பேசினா உதட்டைப் பாத்துச் சமாளிச்சுடுவேன். போன்ல ஒண்ணும் விளங்காது. கிரவுண்டுல மழை, கூட்டம் கத்தறது, எல்லாம் சேர்ந்தா விசில் இருக்கறதும் இல்லாததும் ஒண்ணுதான்.

அதனால நாலு வருஷமா உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். மத்தவங்க பதட்டத்துல குதிப்பாங்க, எழுந்திருப்பாங்க, உக்காருவாங்க. நீங்க மட்டும் ஆடாம அசையாம இருப்பீங்க. நீங்க எழுந்தா ஆட்டம் முடிஞ்சுது. ஒரு தரம்கூடத் தப்பினதில்ல. அன்னைக்கு எழுந்தீங்க, நான் துண்டை எடுக்கப் போனேன். அவ்வளவுதான் கதை.

அன்னைக்கே சொல்லியிருக்கலாமேன்னு கேப்பீங்க. எப்படிச் சொல்றது. விசில் விழலையான்னு அடுத்த கேள்வி வரும். தலைவரோட தம்பி எங்க கம்பெனியில சூப்பர்வைசர். காது இல்லாதவனைக் கிரேன்ல ஏத்த மாட்டாங்க. அதான் பந்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

இப்பவும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. விருந்தையும் நிறுத்த விடாதீங்க. நிறுத்தினா அந்தக் கோல்கீப்பராலதான் நின்னுச்சுன்னு இன்னும் பத்து வருஷம் என் தலையை உருட்டுவாங்க.

மார்ச் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். உங்கள் அத்தையிடமும் சொல்லவில்லை. "என்னவோ மறைக்கறீங்க, மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு" என்கிறாள்.

அபிப்பிராயம் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். தலைவர் படித்துவிட்டு, "ஐயா, மொத பக்கம் வேணும்ங்குது, ரெண்டாவது பக்கம் வேண்டாம்ங்குது. நடுவுல நான் என்ன பண்றது?" என்றார். கை தூக்கச் சொன்னார்கள். ஒன்பது பேர் வேண்டும், நாலு பேர் வேண்டாம். நான் இரண்டுக்கும் தூக்கவில்லை. விருந்து போன ஞாயிற்றுக்கிழமை அதே மாடியில் நடந்தது. வழக்கம்போல் என்னையே வாசிக்கச் சொன்னார்கள்.

கடைசி இடத்திலிருந்து தொடங்கிப் பத்துத் தப்பு வாசித்தேன். முதல் இடத்தில் என்னை வைத்திருந்தேன். போன வருடம் கடைசி ஆட்டம் முடிவதற்கு முன்பே முடிந்ததாக எழுதி, இரட்டைக் கோடு போட்டு, நோட்டை மூடி எழுந்து நின்றவர் இந்தக் கிளப்பின் குறிப்பாளர் என்று வாசித்தேன்.

நெட்டை, "டேய், ஐயா கோடு போட்டுட்டாராம்டா" என்றார். மாடியே அதிர்ந்தது.

"ஸ்கேல் வெச்சுப் போட்டீங்களா ஐயா, வெறும் கையாலயா?" இது கேப்டன்.

"ஸ்கேல் வெச்சுத்தான்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். இன்னும் சிரித்தார்கள்.

"அதனாலதான் அந்தக் கோல் விழுந்துது" என்றேன்.

"கோடு போட்டா கோல் விழுமா? முன்னமே சொல்லியிருந்தா அடுத்த டீம் நோட்டுல நாம ரெண்டு போட்டிருக்கலாமே ஐயா" என்றார் நெட்டை. தலைவருக்குப் புரையேறிவிட்டது. ஒருவர் முதுகில் தட்ட வேண்டியிருந்தது.

மேலே சொல்ல எனக்கு வழி இல்லை. சொன்னால் உங்கள் காது வெளியே வரும். நாற்காலியில் ஏறப் போனேன். "வேண்டாம் ஐயா, விழுந்து வெச்சீங்கன்னா வீட்ல அம்மாவுக்கு யார் பதில் சொல்றது" என்று பிடித்து உட்கார வைத்து, பந்தை மடியில் வைத்தார்கள். சிரிப்பில் கெடுதல் இல்லை. அன்பாகத்தான் சிரித்தார்கள். இத்தனை வருடத்தில் இதுதான் நல்ல தமாஷ் என்று கை கொடுத்தார்கள்.

சொல்ல வேண்டியது வாயில் இருக்க, அதைச் சொல்லாமல் சாப்பிட முடியவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டேன். நீங்கள் போன வருடம் முழுத் தட்டையும் காலி செய்தீர்கள். எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று தெரியவில்லை.

உங்களுக்காகச் செய்யப்போய் ஒன்றும் செய்யாதவன் ஆனேன். மன்னிக்க வேண்டும் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. வயதில் பெரியவன் எழுதினால் உங்களுக்கும் சங்கடம். இருந்தாலும் எழுதியாகிவிட்டது.

உங்கள் மாமனார்

மார்ச் 27

மாமாவுக்கு,

உங்க பொண்ணு லெட்டரைச் சத்தமா படிச்சா, நான் அவ உதட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஸ்கேல் வெச்சுத்தான்னு சொன்னீங்கன்ற எடத்துல அவளுக்குச் சிரிப்பு தாங்கல. கொஞ்ச நேரத்துல அழுதா. எங்கப்பா மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும்னு சொன்னா.

சாப்பிட்டது எப்படின்னு கேட்டீங்க. கீழ பாத்துச் சாப்பிட்டேன். தலை நிமிந்தா உங்களைப் பாக்கணும்.

ஒரு விஷயம். போன வாரம் கிரேன்ல லோடு எறக்கறப்ப கீழ நின்னவர் நிறுத்துன்னு கத்தியிருக்கார். எனக்கு விழல. அவர் கையை ஆட்டறதைப் பாத்துத்தான் நிறுத்தினேன். லோடுக்கும் அவர் தலைக்கும் ஒரு முழம்தான் இருந்துச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அவர் மேல ஏறி வந்து திட்டுவார்னு நெனச்சேன். வரல. பீடியைப் பத்த வெச்சுக்கிட்டு ஓரமா உக்காந்துட்டார்.

ஷிப்ட் முடிஞ்சு நேரா கம்பெனி டாக்டர்கிட்ட போனேன். நானே சொன்னேன். டெஸ்ட் எடுத்தாங்க. இப்ப ஸ்டோர்ஸ்ல போட்டிருக்காங்க. நட்டு போல்ட்டு எண்ணிக் குடுக்கற வேலை. சம்பளம் கம்மி. வேலையை விட்டு எடுக்கல, அது வரைக்கும் சரி.

இது உங்களால இல்ல. அப்படி நெனச்சு இன்னும் நாலு தாளைக் கிழிக்காதீங்க. இனிமே மறைக்க ஒண்ணுமில்லங்கறதுக்காக எழுதறேன். நீங்க யார்கிட்ட என்ன சொல்லணுமோ சொல்லிக்கங்க.

ஏப்ரல் 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே உங்கள் அத்தையிடம் சொன்னேன். என்னைத் திட்டவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மாலையில் எழுந்து வந்து, "அந்தப் பிள்ளை நம்ம வீட்ல எப்பவும் என் எதிர்லதான் உக்காரும். எனக்குத் தோணலையே" என்றாள்.

மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். சீசன் முடிந்துவிட்டதால் எல்லோரையும் ஓரிடத்தில் பிடிக்க முடியாது. ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொண்டு நடந்தேன். பதினைந்து நாள் ஆயிற்று.

கேப்டன் மருந்துக் கடையில் இருந்தார். சீட்டு நீட்டியவர்களை நிறுத்தி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு, "அதுக்கா மாப்பிள்ளை ஊரை விட்டுப் போனார்? சம்பளம் கூடன்னு போனார்னுதானே நாங்க நெனச்சோம்" என்றார். உங்கள் காதுக்கு ஒரு நல்ல டாக்டர் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். இதனுடன் வைத்திருக்கிறேன்.

தலைவருக்கு நான் எந்த வருடத்தைச் சொல்கிறேன் என்பதே பிடிபடவில்லை. அந்த ஆட்டத்தில் தோற்றது நினைவிருக்கிறது. எப்படித் தோற்றோம் என்பது இல்லை. மழையால்தான் தோற்றோம் என்று அவர் எண்ணம்.

நெட்டை ஒரு வீட்டில் ஃபேன் மாட்டிக்கொண்டு ஏணி மேல் இருந்தார். கீழே நின்றபடி முதலிலிருந்து சொன்னேன், விசில், கோடு, துண்டு, எல்லாவற்றையும். அவர் வாயில் ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு அதை எடுத்துவிட்டு, "எந்தக் கோல் ஐயா?" என்றார்.

நான் போய்ப் பார்த்த பதினோரு பேரில் அந்தக் கோலை நினைவு வைத்திருப்பவர் மூன்று பேர். அந்த மூவரும்கூட அதைச் சிரித்த ஒரு நாளாகத்தான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஊரை விட்டதும், நான் ஒரு வருடமாகச் சரியாகத் தூங்காததும் அவர்கள் யாருக்கும் தெரியாது. இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

பட்டியல் வாசிக்க வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் கேப்டன் வாசிப்பார். எழுதும் முன் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள் என்றேன். "பேசிட்டா அப்புறம் அதுல என்ன ஐயா சுவாரசியம்?" என்றார். அவர் சொல்வதும் தப்பு என்று தோன்றவில்லை. விருந்து இருக்கட்டும். வாசிக்கிறவனுக்கு என்னைவிடக் கொஞ்சம் தைரியம் இருந்தால் போதும்.

கால் வீங்கியிருக்கிறது. இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் மாமனார்

ஏப்ரல் 30

மாமாவுக்கு,

எந்தக் கோல்னு கேட்டானா அவன். நாலு நாளா ஸ்டோர்ஸ்ல போல்ட்டு எண்ணறப்ப இதே நெனப்பு. கோவமும் வரல, சிரிப்பும் வரல.

இங்க கம்பெனி டீம்ல சும்மா ரெண்டு மாசம் கோல் நின்னேன். கடைசி ஆட்டத்துல நாலு விட்டேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. பையை எடுத்துக்கிட்டு அவங்கவங்க பஸ்ஸைப் பிடிச்சுப் போயிட்டாங்க. இங்க விருந்தும் இல்ல, பட்டியலும் இல்ல. என்கூட ஆடினவங்க பேரு பாதி எனக்குத் தெரியாது.

குழந்தைக்கு அடுத்த வாரம் பள்ளிக்கூடம் லீவு விடறாங்க. வெள்ளிக்கிழமை கெளம்பி வரோம். பத்து நாள் இருப்போம். அத்தைகிட்ட சொல்லிடுங்க. நீங்க பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், காலை நீட்டி வெச்சு உக்காருங்க.

கிளப்புக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வரலாம்னு மட்டும் கூப்பிடாதீங்க. அவங்க மேல ஒண்ணுமில்ல. களைப்பா இருக்கு. வீட்லயே இருப்போம்.